பத்து நாள் போய்விட்டு வந்து என்ன கிடைத்தது?

“பத்து நாள் போயிட்டு வந்து என்னத்தச் சாதிக்கப் போற?” வெளிநாட்டு இளைஞர் பரிமாற்றத்துக்குத் தேர்வான பிள்ளையிடம் வீட்டில் கேட்கப்படும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். நியாயமான கேள்வி. அங்கே பட்டம் கிடையாது, சம்பளம் கிடையாது, மதிப்பெண்ணும் ஏறப்போவதில்லை. போய்விட்டு வந்த பிள்ளையைக் கேட்டாலும் உருப்படியான பதில் வராது. “சூப்பரா இருந்துச்சு” என்று சொல்லிவிட்டு, போனில் இருக்கும் போட்டோக்களைத் தள்ளித் தள்ளிக் காட்டும். நாலைந்து பேர் தோளில் கைபோட்டுச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். சுற்றுலா போன யாரிடமும் இருக்கக்கூடிய போட்டோதான்.

சில மாதம் கழித்துத்தான் வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும். முன்பெல்லாம் நாலு பேர் முன்னால் வாயே திறக்காத பிள்ளை, தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேட்கும். எடுத்த எடுப்பில் தீர்ப்பு சொல்கிற பழக்கம் கொஞ்சம் குறைந்திருக்கும். இது எப்படி நடக்கிறது, எல்லோருக்கும் நடக்கிறதா, நடக்காமல் போவது எப்போது என்பதையெல்லாம் நூறு ஆண்டு அனுபவமும் சில நல்ல ஆய்வுகளும் ஓரளவு தெளிவாகவே காட்டுகின்றன.

முதலில் ஒரு விளக்கம். பரிமாற்றம் என்ற ஒரே சொல்லுக்குள் பல வகைகள் இருக்கின்றன. பள்ளி மாணவர் ஒருவர் வேறு நாட்டுக் குடும்பத்தோடு ஓராண்டு தங்கி அங்கேயே படிப்பது ஒன்று. கல்லூரி மாணவர் ஒரு செமஸ்டரை வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் முடிப்பது இன்னொன்று. அப்புறம், குழுவாகப் போவது: இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நாடுகளின் இளைஞர் குழுக்கள் ஓரிடத்தில் கூடி, ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு, சில நாள் சேர்ந்து தங்கி வேலை செய்வது. கல்விக்காகவும் இளைஞர் பரிமாற்றத்துக்காகவும் பணம் தரும் ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தில் இளைஞர் பரிமாற்றம் என்றால் இந்தக் கடைசி வகைதான். 13 முதல் 30 வயதுக்குள் இருப்பவர்கள், 16 முதல் 60 பேர் வரை, 5 முதல் 21 நாள். அவ்வளவுதான் அதன் அளவு. பரீட்சையும் இல்லை, படிப்புத் தகுதியும் கேட்பதில்லை.

போர்க்களத்தில் தொடங்கிய கதை

இந்த எண்ணம் உல்லாசப் பயணத்திலிருந்து பிறந்ததில்லை. முதல் உலகப் போரில் வெர்டன் சண்டை பிரான்ஸின் பல கிராமங்களைத் தரைமட்டமாக்கியது. 1920இல் ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த பியர் செரெசோல் அந்தப் பகுதியில் எஸ்ன் என்ற கிராமத்துக்குப் பல நாட்டுத் தொண்டர்களை அழைத்துக்கொண்டு போனார். அவர்களில் ஜெர்மானியர்களும் இருந்தார்கள். இடிந்த ஊரை மண்வெட்டியும் சம்மட்டியுமாக அவர்கள் சேர்ந்தே சீர்செய்தார்கள். போர் முடிந்து இரண்டே ஆண்டு. ஜெர்மானியர்களை அங்கே சகித்துக்கொள்ள முடியாத நிலை, எதிர்ப்பு வந்தது, சில மாதங்களில் முகாமை முடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆனால் சர்வதேசத் தொண்டு முகாம் என்ற வடிவம் அங்கேதான் வேர்விட்டது. செரெசோல் தொடங்கிய சர்வதேசக் குடிமைச் சேவை அமைப்பு இன்றும் இயங்குகிறது. 1934இல் பீகாரில் பெரும் பூகம்பம் வந்தபோது அவரே அங்கு வந்து மறுகட்டுமானத்தில் வேலை செய்தார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்த எண்ணம் வேகமெடுத்தது. இரண்டு உலகப் போர்களிலும் ஆம்புலன்ஸ் ஓட்டிய அமெரிக்கத் தொண்டர்களின் அமைப்பு ஒன்று, போர் முடிந்ததும் பள்ளி மாணவர்களை நாடு விட்டு நாடு அனுப்பும் அமைப்பாக மாறியது. ஏஎஃப்எஸ் என்று இன்று அறியப்படுவது அதுதான். அடிபட்டவர்களைத் தூக்கிச் சுமந்தவர்களுக்கு, அடுத்த போர் வராமல் இருக்க என்ன செய்யலாம் என்று தோன்றியிருக்கிறது. அதற்கு அவர்கள் கண்ட வழி, பிள்ளைகளை ஒருவர் வீட்டில் ஒருவர் தங்கவைப்பது.

பிரான்ஸும் ஜெர்மனியும் இதை அரசுக் கொள்கையாகவே ஆக்கின. 1870இலிருந்து 1945க்குள் மூன்று முறை மோதிக்கொண்ட நாடுகள் அவை. 1962 செப்டம்பரில் பிரெஞ்சு அதிபர் டி கால், லூட்விக்ஸ்பர்க் அரண்மனை முற்றத்தில் கூடியிருந்த ஜெர்மன் இளைஞர்களிடம் ஜெர்மன் மொழியிலேயே பேசினார். அந்த நாட்டோடு இரண்டு போர்களில் போரிட்ட மனிதர் அவர். அடுத்த ஜனவரியில் இரு நாடுகளின் நட்புறவுக்கான எலிசே ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே 1963 ஜூலையில் இரு நாடுகளும் சேர்ந்து ஓர் இளைஞர் அலுவலகத்தைத் தொடங்கின. இதுவரை 90 லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் அதன் வழியாக எல்லை தாண்டிப் போய்வந்திருக்கிறார்கள். இன்று அந்த இரு நாடுகளுக்கும் நடுவே போர் வரும் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அதற்குப் பொருளாதாரம், அரசியல் என்று வேறு பல காரணங்களும் உண்டு. ஆனால் பக்கத்து நாட்டில் தனக்குத் தெரிந்த ஒரு வீடு, ஒரு முகம் இருக்கிறது என்ற நிலையை லட்சக்கணக்கான குடும்பங்களில் உருவாக்கியதில் இந்த அலுவலகத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

முதல் நாளும் மூன்றாம் நாளும்

சரி, அங்கே போய் என்னதான் செய்கிறார்கள்?

முதல் நாள் பெரும்பாலும் விளையாட்டு. பிரெஞ்சு–ஜெர்மன் இளைஞர் அலுவலகம் இதற்கென்றே மொழி விளையாட்டுகளை ஒரு முறையாக வளர்த்தெடுத்திருக்கிறது. உதாரணத்துக்கு ஒன்று: எல்லோரும் வட்டமாக நின்று, அவரவர் மொழியில் நாய் எப்படிக் குரைக்கும் என்று சொல்ல வேண்டும். தமிழ் நாய் ‘லொள் லொள்’ என்கிறது. ஜெர்மன் நாய் ‘வாவ் வாவ்’. ஜப்பானிய நாய் ‘வான் வான்’. இருபது பேர் இருபது விதமாகக் குரைத்து முடிக்கும்போது யாருக்கும் கூச்சம் மிச்சமிருக்காது. வேடிக்கை மாதிரி தெரியும் இந்தப் பத்து நிமிடத்தில் ஒரு பெரிய காரியம் நடந்துவிடுகிறது. நன்றாக ஆங்கிலம் பேசுகிறவனும் தட்டுத்தடுமாறுகிறவனும் ஒரே தரையில் நிற்கிறார்கள். தப்பாகப் பேசினால் சிரிப்பார்களே என்ற பயம், எல்லோரும் ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டதால் பாதி போய்விடுகிறது.

மொழி விஷயத்தில் கிடைக்கும் லாபம் இதுதான். பத்து நாளில் யாருக்கும் இலக்கணம் வந்துவிடாது. பத்து ஆண்டு பள்ளியில் படித்தும் வாயில் வராத மொழி, வேறு வழியே இல்லாத இடத்தில் வந்துவிடும். நன்றாகப் பேசுகிறவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. நீளநீளமாக, வேகமாகப் பேசினால் பாதிப் பேருக்குப் புரியவில்லை என்பதைக் கண்ணெதிரே பார்த்து, சின்னச் சின்ன வாக்கியமாக நிறுத்திப் பேசக் கற்றுக்கொள்கிறார்கள்.

கஷ்டம் மூன்றாம் நாள் வாக்கில்தான் வரும். நான்கு நாட்டிலிருந்து வந்த ஐந்து பேர் கொண்ட சிறு குழு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் எல்லோர் முன்னாலும் பத்து நிமிட நாடகம் போட வேண்டும். ஒருவன் தானே முன்வந்து எல்லாவற்றையும் முடிவு செய்கிறான். ஒருவன் இருபது நிமிடம் கழித்து வந்து சேர்கிறான், அதைத் தாமதம் என்றே அவன் நினைக்கவில்லை. ஒருத்தி எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறாள், ஆனால் ஒப்புக்கொண்ட எதையும் செய்யவில்லை. இன்னொருத்தி வாயே திறப்பதில்லை. ஐந்தாவது ஆள் எல்லோரையும் சமாதானப்படுத்தியே களைத்துப்போகிறான். மாலைக்குள் முகங்கள் இறுகிவிடுகின்றன. “அந்த நாட்டுக்காரங்களே இப்படித்தான்” என்ற வாக்கியம் எல்லோர் மனதிலும் வந்து உட்கார்ந்திருக்கும்.

அந்த இரவு குழுவை வட்டமாக உட்காரவைத்து, அன்று என்ன நடந்தது என்று ஒவ்வொருவரையும் பேசச் சொல்கிறார் பொறுப்பாளர். பேசாதிருந்தவளின் முறை வரும்போது அவள் மெதுவாகச் சொல்கிறாள்: “நான் ஒரு வாக்கியத்தை மனசுக்குள்ள கோத்து முடிக்கறதுக்குள்ள நீங்க அடுத்த விஷயத்துக்குப் போயிடறீங்க.” தலையாட்டியவள், எதிரே இருப்பவரிடம் முகத்துக்கு நேராக மாட்டேன் என்று சொல்வது தன் வீட்டில் அவமரியாதை என்கிறாள். முடிவெடுத்தவன் அதிர்ந்துபோகிறான். தான் குழுவைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாகத்தான் அவன் நினைத்திருந்தான். மறுநாள் காலை குழுவில் ஒரு விதி வருகிறது: ஒருவர் பேசி முடித்தபிறகு பத்து நொடி யாரும் பேசக்கூடாது. நாடகம் சுமாராகத்தான் வருகிறது. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

பரிமாற்றத்தின் உயிர் அந்த இரவுப் பேச்சில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். வெளிநாட்டில் இருப்பதால் மட்டும் யாருக்கும் எதுவும் புரிந்துவிடாது. பேசாமல் விட்டிருந்தால் அந்த ஐவரும், வரும்போது கொண்டுவந்த எண்ணத்தை இன்னும் கெட்டியாக்கிக்கொண்டு ஊர் திரும்பியிருப்பார்கள். ஒரு நிகழ்ச்சி நிரலை உங்களிடம் காட்டினால், எத்தனை இடம் சுற்றிக் காட்டுகிறார்கள் என்று எண்ணாதீர்கள். உட்கார்ந்து பேச எவ்வளவு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன

1954இல் அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட், வேறுபட்ட கூட்டத்தார் சந்தித்துக்கொண்டால் வெறுப்பு குறையுமா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டார். சும்மா சந்தித்தால் போதாது என்பது அவர் கண்டது. இரு தரப்பும் சம அந்தஸ்தில் இருக்க வேண்டும், பொதுவான இலக்கு இருக்க வேண்டும், ஒருவரோடு ஒருவர் போட்டி போடாமல் சேர்ந்து உழைக்க வேண்டும், மேலே இருப்பவர்களின் ஆதரவு வேண்டும். மேலே சொன்ன நாடகக் குழுவில் இந்த நான்கும் இருப்பதைக் கவனியுங்கள். ஹோட்டலில் தங்கி, பஸ்ஸில் போய்ச் சுற்றிப்பார்க்கும் பயணியிடம் ஒன்றுகூட இல்லை. 2006இல் பெட்டிக்ரூ, டிராப் என்ற இரு ஆய்வாளர்கள் அதுவரை வந்த 515 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். தொடர்பு கூடக்கூட முன்முடிவு குறைகிறது என்பதே மிகப் பெரும்பாலானவற்றின் முடிவு. ஆல்போர்ட் சொன்ன நிபந்தனைகள் இருந்தால் பலன் இன்னும் கூடுகிறது.

மனதைத் தொடும் இன்னொரு ஆய்வு உண்டு. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 1993இல் ‘சீட்ஸ் ஆஃப் பீஸ்’ என்ற கோடை முகாம் தொடங்கியது. இஸ்ரேலியப் பிள்ளைகளும் பாலஸ்தீனப் பிள்ளைகளும் அங்கே ஒரே அறையில் படுத்து, ஒரே மேஜையில் சாப்பிட்டு, தினமும் உட்கார்ந்து பேசுவார்கள். முகாமுக்கு வந்தவர்களின் மனநிலையை முகாமுக்கு முன்பும், முடிந்ததும், ஊர் திரும்பிச் சில மாதம் கழித்தும் அளந்தார்கள் ஷ்ரோடர், ரைசன் என்ற ஆய்வாளர்கள். எதிர்த்தரப்பில் ஒரே ஒரு நெருங்கிய நண்பர் கிடைத்தவர்களிடம்தான் மனமாற்றம் நன்றாகத் தெரிந்தது. ஒரு நண்பர் போதும்! ஊர் திரும்பியதும் அந்த மாற்றம் கொஞ்சம் தேய்ந்தது உண்மை, ஆனாலும் முகாமுக்கு முன்பிருந்த நிலைக்குப் போய்விடவில்லை. சுற்றிலும் பகை கொதிக்கும் இடத்திலேயே இப்படி என்றால், நம்மைப் போன்ற மற்றவர்கள் இதை இன்னும் எளிதாகச் செய்ய முடியும்.

குணம் மாறுமா என்றும் பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியில் 1,100க்கும் மேற்பட்ட பல்கலைக்கழக மாணவர்களை, வெளிநாடு போனவர்கள், போகாதவர்கள் என்று இரு பிரிவாக வைத்து, போவதற்கு முன்னும் பின்னும் அளந்தது 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு. போனவர்களிடம் புதியதை ஏற்கும் மனம் கூடியிருந்தது, பிறரோடு இசைந்துபோகும் குணமும் கூடியிருந்தது, பதற்றம் குறைந்திருந்தது. அதைவிட முக்கியம் அதற்கான காரணம்: அங்கே புதிதாகக் கிடைத்த வெளிநாட்டு நட்புகள். அறைக்குள்ளேயே இருந்துவிட்டு வந்தால் ஊரும் கட்டடமும் தாமாக ஆளை மாற்றிவிடாது.

வேலை விஷயத்தில் ஒரே ஒரு தகவல் சொல்கிறேன். பேரி, வால்டிங்கர் என்ற பொருளியலாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, படிக்கும் காலத்தில் வெளிநாடு போன ஜெர்மன் மாணவர்கள் பின்னாளில் வெளிநாட்டில் வேலை பார்க்கும் வாய்ப்பு சுமார் 15 சதவீதப் புள்ளி கூடியிருந்தது. துணிச்சலானவர்கள்தானே முதலில் போயிருப்பார்கள் என்ற சந்தேகம் வரும். அதையும் கணக்கில் எடுத்துத்தான் அவர்கள் இந்த எண்ணுக்கு வந்தார்கள். இது குறுகிய முகாம்களைப் பற்றியது அல்ல, செமஸ்டர் கணக்கில் போனவர்களைப் பற்றியது. பத்து நாள் முகாமால் வேலை கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எராஸ்மஸ் பிளஸ் முகாம் முடிவில் யூத்பாஸ் என்ற சான்றிதழ் தருவார்கள். 2007இலிருந்து இருக்கிறது. மற்ற சான்றிதழ்களிலிருந்து அது ஒரு விதத்தில் வேறுபட்டது: என்ன கற்றுக்கொண்டேன் என்பதைப் பங்கேற்றவரே யோசித்துத் தன் வார்த்தையில் எழுத வேண்டும். அந்தக் காகிதம் நேர்முகத் தேர்வில் எவ்வளவு எடை பெறுமோ தெரியாது, ஆனால் அதை எழுத உட்கார்ந்த ஒரு மணி நேரத்துக்கு நிச்சயம் பலன் உண்டு. “எனக்குக் கோபம் வரும்போது பேச்சை நிறுத்திவிடுகிறேன் என்று இங்கேதான் தெரிந்தது” என்று பதினேழு வயதில் ஒருவர் எழுதினால், அது பலர் நாற்பது வயதிலும் கண்டுபிடிக்காத விஷயம்.

“உங்க நாட்டுல ஏன் இப்படி?”

பரிமாற்றத்துக்குப் போகிறவர்கள் வேறு நாட்டைத் தெரிந்துகொள்ளத்தான் போகிறார்கள். ஆனால் அதிகம் தெரியவருவது சொந்த நாடு.

சாப்பாட்டு மேஜையில் சாதாரணமாகக் கேட்பார்கள்: உங்க நாட்டுல ஏன் இத்தனை மொழி? கல்யாணத்தை யார் முடிவு செய்வாங்க? உங்க பாடப் புத்தகத்துல அந்தப் போரைப் பத்தி என்ன எழுதியிருக்கு? கேட்கிறவருக்கு உள்நோக்கம் இருக்காது. ஆனால் பதில் சொல்ல வாயைத் திறந்தபிறகுதான், இதைப் பற்றி இதுவரை யோசித்ததே இல்லை என்பது உறைக்கும். வீட்டில் யாரும் இதையெல்லாம் கேட்பதில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதானே. நாட்டை விட்டுக்கொடுக்காமல் பேச வேண்டும் என்று ஒரு பக்கம், பொய் சொல்லக்கூடாது என்று மறுபக்கம். இரண்டுக்கும் நடுவே நேர்மையாக ஒரு பதில் சொல்லப் பழகுவது பெரிய பயிற்சி. ஒரே போரை இரண்டு நாட்டுப் பாடப் புத்தகங்கள் இரண்டு விதமாகச் சொல்வதை, அந்த இரண்டு நாட்டுப் பிள்ளைகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கண்டுபிடிப்பதைப் போன்ற ஒரு வரலாற்று வகுப்பை எந்தப் பள்ளியாலும் நடத்த முடியாது.

நீண்ட காலம் தங்குகிறவர்களுக்கு இதோடு தனிமையும் சேரும். நார்வேயைச் சேர்ந்த சமூகவியலாளர் லிஸ்கார்ட், அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்கா போய்வந்த சுமார் 200 நார்வேக்காரர்களை ஆராய்ந்து 1955இல் எழுதினார்: ஆறு மாதத்துக்குக் குறைவாகத் தங்கியவர்களும் பதினெட்டு மாதத்துக்கு மேல் தங்கியவர்களும் நன்றாக இருந்தார்கள், நடுவில் இருந்தவர்கள்தான் திண்டாடினார்கள். முதலில் உற்சாகம், பிறகு இறக்கம், அப்புறம் மெல்ல ஏற்றம். 1963இல் வேறு இருவர் இதை நீட்டி, ஊர் திரும்பியபிறகும் இன்னோர் இறக்கம் வரும் என்றார்கள். எல்லோருக்கும் இதே வரிசையில் வரும் என்றில்லை. ஆனால் இப்படி ஒன்று வரலாம் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பினால், இரண்டாம் மாதம் அழுதுகொண்டு போன் பண்ணும் பிள்ளைக்கும், அதைக் கேட்டுக் கலங்கும் பெற்றோருக்கும் அது எவ்வளவு பெரிய ஆறுதல். திரும்பி வந்தபிறகு வரும் இறக்கத்தைத்தான் பலரும் கவனிப்பதில்லை. சொல்ல ஆயிரம் இருக்கும், கேட்க ஆள் இருக்காது.

யாருக்குக் கிடைக்கிறது?

இந்த இடத்தில் எனக்கு வருத்தம் உண்டு. 2012இல் தெரேசா கூன் என்ற ஆய்வாளர், எராஸ்மஸ் மாணவர் திட்டம் அதில் போகிறவர்களிடம் ‘நான் ஐரோப்பியர்’ என்ற உணர்வை வளர்க்கிறதா என்று பார்த்தார். பெரிதாக வளர்க்கவில்லை. காரணம் எளிமையானது: அதில் போகிறவர்கள் ஏற்கெனவே படித்த, உலகம் தெரிந்த, அந்த உணர்வு இருக்கிற இளைஞர்கள். அந்த அளவு படிக்காதவர்களிடம் போயிருந்தால்தான் மாற்றம் தெரியும், அவர்களோ திட்டத்துக்குள் வருவதே இல்லை. இன்னொரு தொல்லை, போன இடத்திலும் தன் மொழிக்காரர்களோடு மட்டும் ஒட்டிக்கொள்வது. கையில் இருக்கும் போன் இதை இன்னும் எளிதாக்கிவிட்டது. உடம்பு அங்கே, பேச்செல்லாம் வீட்டு வாட்ஸ்அப் குழுவில்.

எராஸ்மஸ் திட்டத்துக்கு வித்திட்ட இத்தாலியர் சோஃபியா கொராடியின் கதை இங்கே பொருந்தும். ரோம் நகரத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்த அவர், 1957இல் உதவித்தொகை பெற்று நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே முதுநிலைப் பட்டம் வாங்கிக்கொண்டு திரும்பினால், அந்தப் படிப்பு இங்கே செல்லாது என்றார்கள் அவருடைய பல்கலைக்கழகத்தில். அந்த அவமானம் அவரை விடவில்லை. வெளிநாட்டில் படித்ததைச் சொந்த நாட்டில் ஏற்க வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் எழுதினார், அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். 1987இல் எராஸ்மஸ் திட்டம் பிறந்தபோது முதல் ஆண்டில் போனவர்கள் 11 நாடுகளின் 3,244 மாணவர்கள். இன்று அந்தத் திட்டமும் அதன் கிளைகளும் ஒரு கோடியைத் தாண்டிய பேரை அனுப்பியிருக்கின்றன. கதவு பூட்டியிருந்ததைப் பார்த்த ஒருவர், அது திறக்கும்வரை தட்டினார்.

இன்னும் பூட்டிய கதவுகள் நிறைய இருக்கின்றன. தேர்வான பிறகு விசா மறுக்கப்பட்டு, பெட்டி கட்டிய நிலையில் வீட்டில் நிற்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். பயணச் செலவை முதலில் கைக்காசிலிருந்து போட்டால் பிறகு திருப்பித் தருகிறோம் என்ற ஒரு வரியாலேயே விண்ணப்பிக்காமல் விடுகிறவர்கள் அதைவிட அதிகம். சக்கர நாற்காலியில் வருபவருக்கு முகாம் இடம் பொருந்துமா என்று கேட்டால் பதில் வராத அழைப்பிதழ்கள் உண்டு. திட்டம் நடத்துகிறவர்கள் இதையெல்லாம் பின்னிணைப்பில் வைக்காமல் முதல் பக்கத்தில் எழுத வேண்டும். ஏனென்றால், இதனால் அதிகம் பயனடையக்கூடியவர்கள், ஊரைத் தாண்டியே போகாதவர்கள், அந்த முதல் பக்கத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

போய்வந்த பிள்ளை வீட்டில் இருந்தால், “எப்படி இருந்தது?” என்று கேட்காமல் வேறு மாதிரி கேட்டுப் பாருங்கள். அங்கே யாரோடு உனக்கு முதலில் ஒத்துவரவில்லை? எந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் முழித்தாய்? போட்டோவைத் தள்ளிக்கொண்டிருந்த விரல் நிற்கும். பின்வரிசையில் ஓரமாக, சிரிக்காமல் நிற்கும் ஒருத்தியைக் காட்டி, “இவ முதல் மூணு நாள் வாயே தெறக்கல” என்று ஆரம்பிக்கும்.